சுண்ணாம்பு காணாத மூன்று ஆவணி

சுவர் விழுந்த காலையில் எங்கள் மாதா கோயிலில் இருந்தவர்கள் மூன்று பேர். வாசல் கூட்ட வந்த ஞானம்மா அத்தை, மணி அடிக்க வந்த உபதேசியார், ஆட்டைப் பிடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கிய என் அப்பா. இல்லாதவர்களும் மூன்று பேர். பங்குச் சாமியார் இல்லை; அவர் பார்க்கிற கிளைக்கோயில்களில் கடைசி ஊர் எங்களுடையது, மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தாலே அதிகம். நான் இல்லை, கல்லூரி விடுதியில் இருந்தேன். அப்புறம், அவர் இல்லை.

அவர் என்றால் என் பேராசிரியர். பழைய கட்டடங்களையும் கற்களையும் ஓவியங்களையும் கெடாமல் காப்பது எப்படி என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள் என்று எங்கள் ஊரை மூன்று வருஷம் நிறுத்தி வைத்தவரும் அவர்தான்.

மண் சுவர் விழும்போது பெரிய சத்தம் வராதாம். "கல்லக்கா மூட்டைய முதுகுல இருந்து எறக்கிப் போட்டாப்பல இருந்துச்சு, அவ்ளோதான்" என்றார் அப்பா. உபதேசியார் பீடத்தில் இருந்த மாதா சுரூபத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்திருக்கிறார். ஞானம்மா அத்தை கையில் விளக்குமாற்றோடு மழையிலேயே நின்றுகொண்டு என் அப்பாவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏண்ணா, அந்த வாத்தியாருக்கு இத யாரு போயிச் சொல்றது? தாங்குவாரா அவரு?"

அப்படித்தான் எங்கள் ஊர் அவரை வைத்திருந்தது.

அவரை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் படுவது மூக்குக்கண்ணாடி. வலது பக்கத்துக் காது உடைந்து, வெள்ளை நூலால் கட்டியிருக்கும். அழுக்கேறினால் அவிழ்த்துவிட்டுப் புது நூல் கட்டிக்கொள்வார். கடைத்தெருவில் கொடுத்தால் அரைமணி நேரத்தில் ஒட்டித் தந்துவிடுவார்கள். முதல் வருஷ வகுப்பில் ஒருவன் அதைச் சொல்லியே விட்டான். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

"ஒட்டினா ஒட்டினதுதாம்பா. கட்டினா அவிழ்த்துக்கலாம்."

அப்புறம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "இதுதான் இந்தப் படிப்புல முதல் பாடம். மீதியெல்லாம் இதுக்கு விளக்கம். பழசுக்கு நாம எது செஞ்சாலும், பின்னாடி வர்றவன் அத நீக்கிட்டுப் பழையபடி பாக்க முடியணும். நம்மளவிடப் புத்திசாலி ஒருத்தன் கண்டிப்பா வருவான். அவனுக்கு இடம் விட்டு வைக்கணும்."

அந்த வார்த்தையில் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. சரியான வார்த்தை. நான் இப்போது பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். நானே அதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்த வாரத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் எழுப்பிவிட்டு, எந்த ஊர், அப்பா என்ன பண்றார் என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் "வெவசாயக் கூலி சார்" என்று சொல்லிவிட்டு உட்காரும்போது காது சுடும். இவர் அதைக் கேட்கவில்லை.

"உங்க வீடு என்ன சுவரு தம்பி?"

"மண் சுவருங்க சார்."

"எத்தன அடி கனம்?"

கையை விரித்துக் காட்டினேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நல்ல சுவரு" என்றார். "வெயில் காலத்துல இங்க இருக்கறவங்கள்ல இவன் ஒருத்தன்தான் நிம்மதியாத் தூங்கறான்." பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, "மண் சுவருக்குச் சுண்ணாம்புதான் தோல். தோல் இருக்கற வரைக்கும் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது" என்று எழுதினார். பரீட்சையில் நான் அதை அப்படியே எழுதினேன். மார்க் போட்டிருந்தார்.

மார்க்கையும் பென்சிலில்தான் போடுவார். எல்லாமே பென்சில்தான். சட்டைப் பையில் இரண்டு பென்சில், ஒரு ரப்பர், சீவுவதற்கு ஒரு அரை பிளேடு. மார்க் குறைந்தவன் போய் நின்று கெஞ்சினால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, அழித்துவிட்டு, இரண்டு கூட்டிப் போடுவார். அலுவலகத்து சூப்பிரண்ட் தலையில் அடித்துக்கொள்வார். "ஏஞ்சார், எங்க உசுர வாங்கறீங்க? பேனா வாங்கிக் குடுக்கட்டுங்களா நானு?" என்பார். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் யாரிடமாவது பேனா வாங்கிக்கொள்வார். "சாருக்கு மாசத்துல ஒரு நாளுதாண்டா இங்க்கு ஊறும்" என்று விடுதியில் பேசிச் சிரிப்போம். பிரியத்தோடு சிரித்த சிரிப்பு அது.

ஏரியூர்ப் பக்கம் ஒரு தடவை எங்களைக் கூட்டிப் போனார். கொல்லைக்காட்டு நடுவில் ஒரு வீரனின் நடுகல். வில்லைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். அந்த ஊர்க்காரர்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கொஞ்சம் சாய்ந்திருந்த கல்லை நிமிர்த்தி, சுற்றிலும் சிமெண்ட் போட்டு மேடை கட்ட ஊர்க் கவுண்டர் ஏற்பாடு செய்திருந்தார். மணலும் ஜல்லியும் வந்து இறங்கிவிட்டன. மேஸ்திரி கரண்டியோடு நிற்கிறார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், "இந்தக் கல்லக் கொஞ்சம் கிட்டப் பாக்கலாமுங்களா?" என்று கவுண்டரிடமே அனுமதி கேட்டார். கவுண்டருக்கு அதிலேயே பாதி விறைப்பு இறங்கிவிட்டது.

"சிமெண்டு போட்டா நூறு வருசம் நிக்குமுங்க சார்."

"நிக்குமுங்க. நூறு வருசம் கழிச்சு எடுக்கணும்னா?"

"அப்ப நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீங்க. அந்தப் பஞ்சாயத்து நமக்கெதுக்குங்க?"

எல்லோரும் சிரித்தோம். இவர் சிரித்துக்கொண்டே குழியில் இறங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் கல்லை நிமிர்த்தி, சுற்றி ஆற்று மணலைக் கொட்டி, நான்கு பக்கமும் கல் ஆப்பு வைத்து இறுக்கி நிறுத்தினார்கள். கவுண்டர் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "அட" என்றார். எங்களுக்கெல்லாம் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் இவர் மடியில் மண்ணோடு தூங்கிக்கொண்டு வந்தார். இப்படி ஒரு ஆளுக்குக் கீழே படிக்கிறேனே என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். வாடகை வீடு. அதே வீட்டில் பத்துப் பதினைந்து வருஷமாக இருக்கிறார்கள். உள்ளே போனதும் என்னவோ வித்தியாசமாகப் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. சுவரில் ஒன்றுமே இல்லை. கல்யாணப் படம், அவருடைய அப்பா படம், காலண்டர் எல்லாம் தரையில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

காபி கொண்டுவந்த அவர் மனைவி நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஆணி அடிச்சா ஓட்டை போகாதாம்ப்பா. கூட்டறப்ப தினமும் மாமனாரத் தூக்கித் தூக்கி வைக்கறேன்."

"வாடகை வீடு இல்லீங்களாம்மா, அதனால..."

"சொந்த வீடு வாங்கச் சொல்லியும் பாத்தாச்சு. பாக்கலாம்பாரு. பொண்ணுக்கு ஒரு எடம் வந்துது, பாக்கலாம்னாரு. அவங்க வேற எடம் பாத்துட்டாங்க." பக்கத்து அறையில் அவர் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "நல்ல மனுசன்தான். ஆனா எதையும் முடிச்சுப் போட மாட்டாரு."

நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அது ஒரு குடும்பத்துக் குறையாகத்தான் எனக்குப் பட்டது.

எங்கள் ஊருக்கு அவர் வந்தது நான் கூப்பிட்டு. பொம்மிடியில் ரயில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வரவேண்டும். எங்கள் கோயில் சின்னது. நாற்பத்தொரு குடும்பம் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். மண் சுவர், மேலே நாட்டு ஓடு. ஆவணி பிறந்ததும் ஊரே சுண்ணாம்பு அடிக்கும். மாதா திருநாளுக்கு முன்னால் முடிக்கவேண்டும். ஓடைக்கரையில் சுக்கான் கல் பொறுக்கி, சுட்டு, குழியில் தண்ணீர் விட்டுத் தாளித்து, சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு வரும் கடுக்காயை வாங்கி ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் ஊற்றிக் கலக்குவார்கள். இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு முறை உண்டு. சுவரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு. எங்கள் வீட்டுப் பங்கு தெற்கு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில். அதை எங்கள் கைதான் அடிக்கவேண்டும், கூலிக்கு ஆள் விடக்கூடாது. பீடத்துக்குப் பின்னாலுள்ள மேற்குச் சுவர் மட்டும் யாருடைய பங்கும் இல்லை. அந்த வருஷம் எந்த வீட்டில் கல்யாணமோ சாவோ நடந்ததோ அந்த வீட்டுக்காரர்கள் உள்ளேயும் வெளியேயும் அடிப்பார்கள். நல்லது நடந்தவர்கள் நன்றிக்கு, கெட்டது நடந்தவர்கள் ஆறுதலுக்கு.

இதை நான் சொல்லக் கேட்டதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத எங்கயும் பாத்ததில்ல அருளு. நான் வரணும்" என்றார்.

வந்தவர் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு குடும்பத்தின் பங்கையும் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டார். பிறகு பீடத்துப் பின்சுவரில், சுண்ணாம்பு ஏடு பெயர்ந்திருந்த ஓரிடத்தில் நின்றுவிட்டார். உள்ளங்கை அகலத்துக்கு நீலம் தெரிந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நீலம்தான் அது. ஏதோ பழைய பூச்சு என்று விட்டிருந்தோம். அரை பிளேடை எடுத்தார். மதியம் வரைக்கும், மூச்சு விடுகிறாரா என்று சந்தேகம் வருகிற மாதிரி, சுரண்டினார். நீலம் ஒரு முக்காடாயிற்று. முக்காட்டுக்குக் கீழே ஒரு கண் வந்தது. பெண்ணின் கண். நம் ஊர்ப் பெண்ணின் கண், மை தீட்டினது.

ஞானம்மா அத்தை முழங்கால் போட்டுவிட்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அழுதார் என்றுதான் சொல்லவேண்டும். அதை நான் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

வெளியே சுண்ணாம்புக் குழி தயாராக இருந்தது. அந்த வருஷம் மேற்குச் சுவர் ஞானம்மா அத்தையின் முறை. சித்திரையில் மாமா இறந்துபோயிருந்தார்.

அவர் ஊரைக் கூட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார். "இந்தப் பின்சுவருக்கு மட்டும் இந்த வருஷம் அடிக்க வேண்டாமுங்க. உள்ளயும் வேண்டாம், வெளியவும் வேண்டாம். புதுச் சுண்ணாம்போட ஈரம் மண்ணுக்குள்ள எறங்கி உள்பக்கம் வந்துதுன்னா படம் பொரிஞ்சு கொட்டிடும். ஒரே ஒரு வருஷம். நான் ஆளுங்களோட வந்து படத்த உறுதிப்படுத்திட்டு, அப்புறம் நீங்க பழையபடி அடிங்க."

"வெளிப்பக்கம் மேக்க இருந்து வர்ற மேகாட்டு மழை நேரா அடிக்குமுங்களே" என்றார் அப்பா.

"கீத்துத் தட்டி கட்டி வைங்க. தொட மட்டும் தொடாதீங்க. நான் இருக்கேன் இல்லீங்களா?"

ஊர் அத்தையைப் பார்த்தது. முறை அவருடையது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க வூட்டுக்காரரு ஒரு வருசம் பொறுத்துக்குவாரு" என்றார்.

அடுத்த ஆவணி வந்தது. அவர் வரவில்லை. நான் போய்க் கேட்டேன். அனுமதி வரவேண்டும், சாமான் வரவேண்டும், அடுத்த மாசம் கண்டிப்பா என்றார். "அதுவரைக்கும் தொடாம பாத்துக்கோப்பா." அந்த வருஷம் கல்யாணம் நடந்த வீட்டார் முறையை விட்டுக்கொடுத்தார்கள். கீற்றுத் தட்டி மக்கி, புதுசு கட்டினார்கள். வெளிச்சுவரில் பழைய சுண்ணாம்பு தேமல் மாதிரி உதிர ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது ஆவணியில் உபதேசியார் பொறுக்கவில்லை. "மூணு வருசமா அம்மணமா நிக்கிது சுவரு. படம் இருந்தா இருக்குது, போனா போவுது, நாளைக்கு அடிக்கறோம்" என்று அறிவித்துவிட்டார். சேதி எப்படியோ அவருக்குப் போய், காலைப் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். நார் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்த கையோடு எல்லோரும் நிற்கிறோம். அவர் சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

சிலர் மட்டையைக் கீழே இறக்கினார்கள்.

"ஒரு தடவ அடிச்சுட்டா அடிச்சதுதான். அப்புறம் நீங்களே நெனச்சாலும் எடுக்க முடியாது. அடிக்காம விட்டா எப்ப வேணாலும் அடிச்சுக்கலாம். நான் சொல்றது நியாயந்தானுங்களே?"

நியாயமாகத்தான் இருந்தது. அவர் சொன்னது எது நியாயமாக இல்லாமல் இருந்திருக்கிறது? உபதேசியார் மட்டையைக் குழியில் எறிந்துவிட்டு, "படிச்சவங்க சொல்றீங்க" என்று போனார். குழியை மூடினோம். அந்த ஐப்பசியில், விடாமல் அடித்த மழையில், சுவர் விழுந்தது.

நாலு நாள் கழித்து பேராசிரியர் கேமராவோடு வந்தார். விழுந்த மண்மேட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். நீலம் ஒட்டின மண்கட்டிகளை ஞானம்மா அத்தை முறத்தில் பொறுக்கி வைத்திருந்தார். அவர் ஒன்றைக் கையில் எடுத்ததும் பொடிந்தது. ஒரு கல்மேல் உட்கார்ந்தார். "வெசனப்படாதீங்க வாத்தியாரே, உசுருக்கு ஒண்ணும் ஆவல" என்று அத்தை அவருக்கு டீ வைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

பிறகு சாமியார் வந்தார். மறைமாவட்டத்தில் எழுதிக் கேட்டால் கட்டுகிற செலவில் பாதி கிடைக்கும், ஆனால் ஒரு சிக்கல் என்றார். "மூணு வருஷமா சுண்ணாம்பு அடிக்கலன்னு தெரிஞ்சா, நீங்களே கவனிக்காம விட்டீங்கன்னு கைவிரிச்சுடுவாங்க. அவரு சொல்லித்தான் நிறுத்தினோம்னு அவருகிட்ட ஒரு வரி வாங்கிட்டு வாங்க. காலேஜுப் பேராசிரியரு எழுத்துன்னா அதுக்கு மேல பேச்சில்ல."

ஒரு வரிதானே. நானும் அப்பாவும் உபதேசியாரும் கிளம்பினோம். அவர் அன்றைக்கு டவுனில் ஒரு மண்டபத்தில் பேசுவதாக விடுதியில் சொன்னார்கள். நேரே அங்கே போனோம். விளக்கை அணைத்திருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் நீல முக்காடும் அந்தக் கண்ணும் இவ்வளவு பெரிதாக வந்தன. மண்டபமே கைதட்டியது. அப்பாவும் தட்டினார். "நம்ம மாதாடா" என்று என் தொடையில் குத்தினார்.

அடுத்த படம் மண்மேடு.

அவர் குரல் வகுப்பில் கேட்கிற அதே இதமான குரல்தான். "தலைமுறை தலைமுறையாக அறியாமையால் அடித்த சுண்ணாம்பு இந்த ஓவியத்தை மூடியிருந்தது. பிறகு பராமரிப்பும் இல்லாமல் இந்தச் சுவர் கைவிடப்பட்டது. இப்போது இல்லை. கிராமத்து மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததன் விலை இது."

அப்பா என் காதருகே குனிந்தார். "கைவிட்டாங்கங்கறாரே, யாரடா சொல்றாரு?"

"நம்மளத்தாம்ப்பா."

"சும்மா இரு. அது வேற ஊருப் படமா இருக்கும்."

படத்தில் மண்மேட்டுக்குப் பக்கத்தில் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞானம்மா அத்தை நின்றிருந்தார். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் முடிந்து வராந்தாவில் அவரைப் பிடித்தோம். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டீ சொன்னார். அப்பா விஷயத்தைச் சொன்னார். மேடையில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "நீங்க சொல்லித்தான் நிறுத்தினோம்னு ஒரு வரி, அவ்ளோதானுங்க."

"எழுதிடலாமுங்க. அதுல என்ன இருக்கு" என்றார். "ஆனா இப்ப வேண்டாம்."

"எப்பங்க?"

"பழைய சின்னங்களுக்கு கவர்மெண்டுல ஒரு கமிட்டி போடறாங்க. என் பேரு போயிருக்கு. இந்த நேரத்துல இப்படி ஒரு எழுத்து வெளிய போயிட்டா, அப்புறம் அதத் திரும்ப வாங்க முடியாதுங்க. கொஞ்ச காலம் போகட்டும். நானே வந்து எழுதித் தர்றேன்."

"விழுந்த சுவரையுந்தாங்க திரும்ப வாங்க முடியல" என்றார் உபதேசியார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பையன். நீயாவது புரிஞ்சுக்கோ அருளு."

"சரிங்க சார். பென்சில்லயாவது எழுதிக் குடுங்க" என்றேன்.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. உண்மையாகவே எழுதப்போகிறார் என்று நினைத்தேன். நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "கோயிலுக்கு வெச்சுக்கோங்க."

அப்பா கை நீட்டவில்லை. "உண்டியலு அங்கதாங்க இருக்குது. வந்து போடுங்க" என்றார்.

டீ வந்தது. மூன்று பேரும் குடிக்காமல் நடந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "அவரு நம்மகிட்டப் பேசறப்ப எல்லாம் நல்லாத்தானடா பேசினாரு?"

"ஆமாம்ப்பா" என்றேன்.

அவர் பெயர் கமிட்டியில் வந்தது. படிப்பை முடிக்கும் வரை அவர் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். எப்போதும்போல என்னைத் தம்பி என்றார், அப்பாவை விசாரித்தார். என்னிடம் ஒரு தடவைகூட அவர் குரல் மாறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபித்திருந்தால், ஒளிந்திருந்தால், எங்களைப் பார்த்துப் பயந்திருந்தால், தான் செய்தது அவருக்கும் தெரிகிறது என்று ஆறிப்போயிருப்பேன்.

சாமியார் அந்த ஒரு வரி இல்லாமலே எழுதிப் பார்த்தார். முன்னமே சாமியார் சொன்ன பதிலேதான் வந்தது: பராமரிக்கத் தவறியது ஊர், கட்டவேண்டியதும் ஊர். மேற்குச் சுவரோடு மற்ற சுவர்களும் ஆட்டம் கண்டிருந்ததால் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டினார்கள். புதுச் சுவருக்குப் பெயிண்ட் போதும், வருஷா வருஷம் சுண்ணாம்பு வேண்டியதில்லை என்று மேஸ்திரி சொன்னபோது, "அப்ப எம் மொறை?" என்று ஞானம்மா அத்தை கேட்டார். எந்த வீட்டுக்கும் பங்கு என்று ஒன்று இப்போது சுவரில் கிடையாது. செலவில்தான் பங்கு. அப்பா வீட்டிலிருந்த இரண்டு ஆட்டையும் விற்றார். அத்தை காதிலிருந்ததைக் கழற்றினார். புருஷன் இல்லாத வீடு, பாதி கொடுத்தால் போதும் என்று ஊர் சொன்னதற்கு அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தொரு வீடு. வீட்டுக்கு நானூற்றைம்பது ரூபாய். மொத்தம் பதினெட்டாயிரத்து நானூற்றைம்பது.